போர்க்கப்பலுக்கு யார் பெயரைச் சூட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஆகஸ்டில், சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள கப்பல் கட்டும் தளத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்று பழுதுபார்ப்புக்காக வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று இந்தியத் தளத்தில் செப்பனிடப்படுவது அதுவே முதல் முறை என்பதால் செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக வெளியிட்டன. ஆனால் அக்கப்பலின் பெயரான ‘சார்லஸ் ட்ரூ’ யாருடையது என்பதை அவ்வளவாக யாரும் விசாரிக்கவில்லை. ட்ரூ (1904–1950) ஒரு கறுப்பின அறுவை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், குண்டுவீச்சில் தவித்துக்கொண்டிருந்த பிரிட்டனுக்கு நியூயார்க்கிலிருந்து இரத்தப் பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தை முன்னின்று நடத்தியவர். கொடையாளரின் நிறத்தைப் பார்த்து இரத்தத்தைப் பிரித்து வைக்கும் வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். அடுத்த ஆண்டு அதே தளத்துக்கு வந்த அதே வகைக் கப்பலின் பெயர் ‘மேத்யூ பெர்ரி’. இவர், 1853இல் போர்க்கப்பல்களோடு சென்று மிரட்டி, ஜப்பானைத் தன் துறைமுகங்களைத் திறக்க வைத்த கடற்படைத் தளபதி. உயிர் காத்த மருத்துவருக்கும் பீரங்கியைக் காட்டிப் பேரம் பேசிய தளபதிக்கும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கப்பல்கள் கிடைத்திருக்கின்றன. இது எப்படி நடக்கிறது, யார் முடிவு செய்கிறார்கள், யாருக்கு உண்மையில் அந்தத் தகுதி உண்டு என்பவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மனிதர்களின் பெயரை இத்தனை தாராளமாகச் சூட்டிவிட்டு, பிறகு அதைப் பற்றி இத்தனை கடுமையாகச் சண்டையும் போட்டுக்கொள்ளும் கடற்படை அமெரிக்காவினுடையது என்பதால், பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வருகின்றன.

பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

அமெரிக்காவில் அது கடற்படைச் செயலரிடம் இருக்கிறது. இவர் சீருடை அணியாத, அதிபரால் நியமிக்கப்படும் ஓர் அரசியல் பதவியாளர். 1819இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானம் இந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. கடற்படையின் வரலாற்றுப் பிரிவு பெயர்ப் பட்டியல்களைத் தயாரித்துக் கொடுக்கும். முன்னாள் மாலுமிகளும் ஊர்க்காரர்களும் கடிதம் எழுதுவார்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் விருப்பத்தைத் தீர்மானமாகவே கொண்டுவருவதும் உண்டு. ஆயினும் கடைசிக் கையெழுத்து செயலருடையதுதான். ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது என்பதைப் போன்ற ஓரிரு கட்டுப்பாடுகளைத் தவிர, அவர் கையைக் கட்டிப்போடும் சட்டம் அதிகம் இல்லை. மற்றதெல்லாம் மரபு, மரபை மீறிய செயலருக்கு நேரும் அதிகபட்சத் தண்டனை, நாலு நாள் பத்திரிகைகளில் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான்.

தொடக்கத்திலிருந்தே மனிதர்களின் பெயரைத்தான் வைத்தார்களா?

இல்லை. 1819ஆம் ஆண்டுத் தீர்மானம் பெரிய கப்பல்களுக்கு மாநிலங்களின் பெயரையும், அடுத்த நிலைக் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயரையும், சிறியவற்றுக்கு நகரங்களின் பெயரையும் வைக்கச் சொன்னது. மனிதர்களின் பெயர்கள் பெருமளவில் நுழைந்தது, ‘டிஸ்ட்ராயர்’ எனப்படும் வேகமான நாசகாரிக் கப்பல்களின் வழியாகத்தான். 1902இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் முதல் நாசகாரி ‘பெயின்பிரிட்ஜ்’ என்னும் பழைய கடற்படைத் தளபதியின் பெயரைப் பெற்றது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வகைக் கப்பல்கள், ஒருசில விலக்குகளைத் தவிர, கடற்படையிலும், கப்பலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படையிலும் பேர் எடுத்தவர்களின் பெயரையே தாங்கி வருகின்றன.

நீர்மூழ்கிகளுக்கு நெடுங்காலம் மீன்களின் பெயர்களே இருந்தன. அந்த வழக்கம் மாறிய கதை சுவையானது. அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தின் தந்தையான அட்மிரல் ஹைமன் ரிக்கோவரின் வாக்காக ஒரு வாசகம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: “மீன்களுக்கு ஓட்டு இல்லை.” நிதி ஒதுக்கும் காங்கிரசின் மனத்தைக் குளிர்விக்க நகரங்களின் பெயர்கள் வந்தன. அதற்கும் முன்பே, மறைந்த நான்கு காங்கிரஸ் உறுப்பினர்களின் பெயர்கள் நான்கு நீர்மூழ்கிகளுக்கு வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றான ‘வில்லியம் எச். பேட்ஸ்’ முதலில் ‘ரெட்ஃபிஷ்’ என்ற மீனாகத்தான் இருந்தது.

எப்படிப்பட்ட செயலைச் செய்தவருக்குக் கப்பல் பொருத்தம்?

ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் டோரிஸ் மில்லரைச் சொல்வேன். 1941 டிசம்பர் 7 காலை, பேர்ள் துறைமுகத்தில் நின்ற ‘வெஸ்ட் வர்ஜீனியா’ போர்க்கப்பலில் மில்லர் அழுக்குத் துணிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். டெக்சாசைச் சேர்ந்த கறுப்பின இளைஞரான அவருக்கு அன்றைய கடற்படையில் கிடைத்த இடம் அதிகாரிகளின் உணவறைப் பணியாள் என்பது மட்டுமே; துப்பாக்கிப் பயிற்சி அவருடைய பிரிவுக்குக் கிடையாது. ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, படுகாயமடைந்த கப்பல் தலைவரைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த உதவினார். பிறகு ஆளில்லாமல் நின்ற விமான எதிர்ப்புத் துப்பாக்கியில் ஏறி, குண்டுகள் தீரும் வரை சுட்டார். 1942 மே மாதம் அவருடைய மார்பில் ‘நேவி கிராஸ்’ பதக்கத்தைக் குத்தியவர் அட்மிரல் நிமிட்ஸ். அடுத்த ஆண்டு நவம்பரில், அப்போது அவர் பணியாற்றிய ‘லிஸ்கம் பே’ கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது மில்லர் அதோடு போனார்.

பதக்கம் குத்திய நிமிட்சின் பெயரைத் தாங்கிய விமானந்தாங்கி 2007 ஜூலையில் சென்னைக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டதும், அணுசக்திக் கப்பல் வரலாமா என்று இங்கே பெரிய விவாதம் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். பதக்கம் பெற்ற மில்லரின் பெயர் 1973இல் ஒரு சிறிய கப்பலுக்கு வந்தது. 2020 ஜனவரியில்தான், வருங்கால விமானந்தாங்கி ஒன்றுக்கு ‘டோரிஸ் மில்லர்’ என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. அதிபர்களுக்கும் அட்மிரல்களுக்கும் செனட்டர்களுக்கும் உரியதாக இருந்த வரிசையில் ஓர் உணவறைப் பணியாளர் இடம் பெற எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பெயர் என்பது வெறும் அடையாளம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

இதற்கான விடை 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் கிடைத்தது. ‘சாமுவேல் பி. ராபர்ட்ஸ்’ என்ற போர்க்கப்பல் அன்று ஈரானியக் கண்ணிவெடி ஒன்றில் மோதியது. கப்பலின் முதுகெலும்பு போன்ற அடித்தண்டு முறிந்தது. இயந்திர அறைக்குள் கடல் புகுந்தது. மேற்கட்டுமானத்தில் விரிசல் ஓடியது. மாலுமிகள் இருட்டில் தீயை அணைத்து, பிளந்த பாகங்களை எஃகுக் கம்பிவடங்களால் இழுத்துக் கட்டி, மணிக்கணக்கில் போராடி அந்தக் கப்பலைக் காப்பாற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்தக் கப்பலில் ஒரு வெண்கலப் பலகை இருந்தது. அதே பெயரைத் தாங்கிய முந்தைய கப்பலின் மாலுமிகளுடைய பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தப் பழைய கப்பல் 1944 அக்டோபர் 25 அன்று, பிலிப்பைன்சின் சமர் தீவுக்கு அப்பால், தன்னைவிடப் பலமடங்கு பெரிய ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்துப் போய், நெருங்கி நின்று சுட்டு, மூழ்கியது. தப்பியவர்கள் இரண்டு நாட்களுக்கு மேல் தண்ணீரில் மிதந்தார்கள். 1988இல் தீயணைப்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாலுமிகள், அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் அதைக் கையால் தொட்டுவிட்டு ஓடினார்கள் என்று அன்று கப்பலில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கோயில் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த இரண்டு கப்பல்களுக்கும் பெயர் தந்த சாமுவேல் புக்கர் ராபர்ட்ஸ், படகோட்டும் மாலுமி. 1942 செப்டம்பரில் குவாடல்கனால் தீவில் சிக்கிக்கொண்ட மரைன்களை ஏற்றிவரச் சென்ற படகுகளின் மீது குண்டு விழாமலிருக்க, தன் படகை எதிரியின் துப்பாக்கிகளுக்கு முன்னால் ஓட்டிக்காட்டி இறந்தவர். தகுதி பற்றிய என் அளவுகோல் இங்கிருந்துதான் வருகிறது: கப்பல் அடிபட்ட இரவில், பத்தொன்பது வயது மாலுமி ஒருவன் அந்தப் பெயரைத் தொட்டுவிட்டு ஓட முடியுமா? ஒரு துறையின் நிதியை வாங்கிக் கொடுத்தவரின் பெயரை யாரும் அப்படித் தொடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உயிரோடு இருப்பவர்களின் பெயரை வைக்கலாமா?

வைத்திருக்கிறார்கள். குடியரசின் தொடக்க காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் உயிரோடு இருந்தபோதே அவர் பெயரில் கப்பல்கள் இருந்தன. பிறகு நெடுங்காலம் அந்தக் கதவு மூடியிருந்தது. 1974இல், ஐம்பது ஆண்டுகள் காங்கிரசில் இருந்து கடற்படைக்காக வாதாடிய ஜார்ஜியா மாநிலத்துக் கார்ல் வின்சனின் பெயரை ஒரு விமானந்தாங்கிக்கு அறிவித்தபோது அது மீண்டும் திறந்தது. 1980இல் 96 வயதில், தன் பெயர் எழுதிய கப்பல் நீரில் இறங்குவதை அவர் நேரில் பார்த்தார். அதற்குப் பிறகு ரிக்கோவர், அட்மிரல் ஆர்லி பர்க், நகைச்சுவை நடிகர் பாப் ஹோப், முன்னாள் அதிபர்கள் என்று வரிசை நீண்டுவிட்டது.

என் கருத்தில் இது தவறான பாதை. வாழ்க்கை முடியாதவரின் கணக்கும் முடியவில்லை. நாளை அவர் என்ன பேசுவார், எந்த வழக்கில் சிக்குவார் என்று யாருக்கும் தெரியாது. கப்பலோ முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓட வேண்டியது.

இந்தக் கருத்தை நானே தயங்கிச் சொல்ல வேண்டிய ஓர் இடம் உண்டு. 2011இல் அரிசோனாவின் டூசான் நகரில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் தலையில் சுடப்பட்டுப் பிழைத்தார். அடுத்த ஆண்டு ஒரு கடலோரப் போர்க்கப்பலுக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. கடலோடு அவருக்கு என்ன தொடர்பு என்ற கேள்வி எழுந்தது; நியாயமான கேள்விதான். ஆனால் பெயரை வெளியிட்டபோது அந்தக் கப்பலின் புரவலராக அறிவிக்கப்பட்டவர் ராக்சானா கிரீன். அதே துப்பாக்கிச் சூட்டில், தன் தொகுதி உறுப்பினரைப் பார்க்கும் ஆசையோடு வந்த இடத்தில் இறந்துபோன ஒன்பது வயதுச் சிறுமியின் தாய் அவர். அதை அறிந்த பிறகு, பெயரை எதிர்த்து வாதாடும் குரல் என் தொண்டையில் சற்று இறங்கிவிடுகிறது.

அரசியல்வாதிகளுக்கு ஏன் இத்தனை விமானந்தாங்கிகள்?

விலையுயர்ந்த கப்பல், அதற்குப் பணம் ஒதுக்கியவர்கள், பெயர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தேடிக்கொள்வது இயல்பு. கார்ல் வின்சன், செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் என்னும் இருவருடைய பெயர்களும் அவ்வாறு வந்தவை. அமெரிக்கக் கடற்படையை வளர்த்ததில் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு என்பது உண்மை. பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் ஒன்றாக அமர்த்தும் உச்சநீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 1956இல் தென்மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் இருவருமே கையெழுத்திட்டார்கள் என்பதும் உண்மை. அந்தக் கப்பல்களில் பணிபுரியும் ஆயிரக்கணக்கானவர்களில் கறுப்பின மாலுமிகளும் இருக்கிறார்கள். அவர்கள் தொப்பியில் அந்தப் பெயரோடுதான் துறைமுகத்தில் இறங்குகிறார்கள். மாற்ற வேண்டும் என்ற குரல்கள் எழுந்தும் பெயர்கள் மாறவில்லை. 2025 ஜனவரியில், பதவி முடியும் தறுவாயில் இருந்த அதிபர் பைடன், அடுத்த இரண்டு விமானந்தாங்கிகளுக்குப் பில் கிளின்டன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆகியோரின் பெயர்களை அறிவித்தார். கட்சிக்கொன்று. இருவரும் உயிரோடு இருப்பவர்கள்.

பெண்களின் பெயரில் கப்பல்கள் உண்டா?

உண்டு; குறைவு. கடற்படைச் செவிலியர் படையின் தலைவியாக முதல் உலகப் போர்க் காலத்தில் பணியாற்றிய லீனா சட்கிளிஃப் ஹிக்பியின் பெயர் 1945இல் பணியில் சேர்ந்த ஒரு நாசகாரிக்கு வந்தது. அன்று ‘ஹிக்பி’ என்ற கணவரின் குடும்பப் பெயர் மட்டுமே கப்பலில் இருந்தது. 2023இல் பணியில் சேர்ந்த புதிய நாசகாரியில்தான் அவருடைய முழுப்பெயர் இருக்கிறது. கணினி மொழிகளின் முன்னோடியான கிரேஸ் ஹாப்பரின் பெயரில் 1997 முதல் ஒரு நாசகாரி ஓடுகிறது.

ஹார்வி மில்க் விவகாரத்தில் நடந்தது என்ன?

ஹார்வி மில்க் 1950களில் அமெரிக்கக் கடற்படையில், ‘கிட்டிவேக்’ என்ற நீர்மூழ்கி மீட்புக் கப்பலில் முக்குளிப்பு அதிகாரியாகப் பணியாற்றியவர். தற்பாலீர்ப்பாளர் என்ற காரணத்தால் 1955இல் பதவியை விட்டு வெளியேறும் கட்டாயத்துக்கு உள்ளானார். பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோ நகர ஆட்சிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1978 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016இல் கடற்படைச் செயலர் ரே மேபஸ், புதிய எண்ணெய்க் கப்பல் வரிசைக்குக் குடிமை உரிமைப் போராளிகளின் பெயர்களை வைக்கத் தீர்மானித்தபோது, அதில் ஒன்றுக்கு மில்க்கின் பெயரைக் கொடுத்தார். கப்பல் 2021 நவம்பரில் முறைப்படி பெயர் சூட்டப்பட்டு நீரில் இறங்கியது.

2025 ஜூனில், பாதுகாப்புச் செயலர் பீட் ஹெக்செத், கப்பல் பெயர்களிலிருந்து அரசியலை அகற்றுவதாகக் கூறி அந்தப் பெயரை நீக்கி, ‘ஆஸ்கர் வி. பீட்டர்சன்’ என்று மாற்றினார்.

இங்கே பீட்டர்சன் மீது யாருக்கும் குறை இருக்க முடியாது. 1942 மே 7 அன்று பவளக் கடற்போரில் ‘நியோஷோ’ என்ற எண்ணெய்க் கப்பல் குண்டுகளால் துளைக்கப்பட்டபோது, கொதிகலன் பகுதிப் பணியாளரான அவர், ஏற்கெனவே காயப்பட்டிருந்தும், உதவிக்கு ஆளில்லாத நிலையில், பீறிட்ட நீராவியின் நடுவே போய் வால்வுகளை மூடினார். வெந்த உடலோடு சில நாட்களில் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. போர்க்காலத்திலேயே ஒரு காவல் கப்பலுக்கு அவர் பெயரும் வைக்கப்பட்டது. எண்ணெய்க் கப்பலில் இறந்தவரின் பெயர் எண்ணெய்க் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமாக அமைய முடியாது.

ஆனால் அந்த வகையில் மொத்தம் 20 கப்பல்கள் கட்டுவதாகத் திட்டம். பெயர் வைக்காதவை மிச்சமிருந்தன. அவற்றில் ஒன்றைப் பீட்டர்சனுக்குக் கொடுத்திருந்தால் அவருக்கு முழு மரியாதையும் கிடைத்திருக்கும். இப்போதோ, ஒரு வீரரின் பெயரை இன்னொருவரின் பெயரை அழிக்கும் துடைப்பமாகப் பயன்படுத்தியது போல் ஆகிவிட்டது. பெயரிடும் இடத்தில் நான் இருந்திருந்தால், கடலில் செய்த செயலையே முதன்மையாகப் பார்க்கிறவன் என்ற முறையில், 2016இல் மில்க்கின் பெயரை எழுதியிருக்க மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2025இல் அதை அழித்திருக்கவும் மாட்டேன். பெயரைக் கொடுக்காமலிருப்பது ஒரு தேர்வு. கொடுத்த பெயரைப் பிடுங்குவது ஒரு தீர்ப்பு. கடற்படையே ஒருமுறை வெளியே தள்ளிய மனிதரை இரண்டாவது முறையும் தள்ளுவதற்கு, அவர் செய்த குற்றம் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் சூட்டிய பெயரை மாற்றவே கூடாதா?

மாற்றியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நாட்டுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய தென்மாநிலத் தரப்பைப் போற்றும் பெயர்களை நீக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அதன்படி 2023இல் இரண்டு கப்பல்கள் பெயர் மாறின.

முதலாவது, தென்தரப்பு வென்ற ஒரு போர்க்களத்தின் பெயரைத் தாங்கிய ‘சான்சலர்ஸ்வில்’. அது ‘ராபர்ட் ஸ்மால்ஸ்’ ஆனது. ஸ்மால்ஸ் பிறப்பால் அடிமை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ‘பிளாண்டர்’ என்ற தென்தரப்புக் கப்பலைச் செலுத்தும் வேலையில் இருந்தார். 1862 மே 13 விடிவதற்கு முன், வெள்ளையின அதிகாரிகள் கரையில் உறங்கிக்கொண்டிருக்க, 23 வயதான ஸ்மால்ஸ் கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, சக அடிமை மாலுமிகளோடும் குடும்பத்தாரோடும் கப்பலைக் கிளப்பினார். வழியிலுள்ள கோட்டைகளைக் கடக்கும்போது, தலைவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்று, சரியான ஊதல் ஒலியைச் சரியான இடத்தில் எழுப்பினார். பீரங்கிகளின் எல்லையைத் தாண்டியதும் வெள்ளைத் துணியை ஏற்றி, வடதரப்புக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினராகவும் ஆனார். இத்தனை ஆண்டுகள் இவரைவிட்டு அந்தப் போர்க்களத்தின் பெயரை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே வியப்பாக இருக்கிறது.

இரண்டாவது, ‘மாரி’ என்ற கடலாய்வுக் கப்பல். மேத்யூ ஃபான்டெய்ன் மாரி கடல்சார் அறிவியலின் முன்னோடி. ஆனால் உள்நாட்டுப் போரில் தென்தரப்பில் சேர்ந்தவர். அந்தக் கப்பல் இப்போது ‘மேரி தார்ப்’. அட்லாண்டிக்கின் அடித்தளத்தை வரைந்து, நடுக்கடல் மலைத்தொடரின் நடுவே ஓடும் பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டவர் தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பல்களில் ஏற நெடுங்காலம் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மற்றவர்கள் அளந்துகொண்டு வந்த எண்களைக் கரையில் உட்கார்ந்து வரைபடமாக்கினார்.

மாரியின் அறிவியலை யாரும் மறுக்கவில்லை. தான் எதிர்த்துப் போரிட்ட கொடியின் கீழேயே அவர் பெயர் மிதக்க வேண்டியதில்லை என்பதுதான் வாதம், அது சரியான வாதம். பெயர் மாற்றினால் கப்பலுக்கு ஆகாது என்று மாலுமிகளிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு; இந்த இரண்டு கப்பல்களும் இதுவரை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பெயர் பெற்றவர் உண்மையில் அந்தச் செயலைச் செய்யாமலிருந்தால்?

அதுவும் நடக்கக்கூடியது. 1804இல் திரிப்போலியில் நடந்த கைகலப்பில், ஸ்டீபன் டிகேட்டர் என்ற அதிகாரியின் மீது இறங்கிய வாளைத் தன் மேல் வாங்கிக்கொண்டவர் ரூபன் ஜேம்ஸ் என்ற மாலுமி என்று சொல்லி, மூன்று கப்பல்களுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அன்று குறுக்கே பாய்ந்தவர் டேனியல் ஃபிரேசியர் என்ற இன்னொரு மாலுமி என்று கருதும் வரலாற்றாய்வாளர்கள் இருக்கிறார்கள். ஃபிரேசியருக்குக் கப்பல் கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் அரசருக்கும் இதில் ஒரு சொல் உண்டு. வின்ஸ்டன் சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோது, ஒரு புதிய போர்க்கப்பலுக்கு ஆலிவர் கிராம்வெல்லின் பெயரை வைக்க விரும்பினார். ஓர் அரசரின் தலையை வெட்டுவித்தவரின் பெயரை இன்னோர் அரசர் ஒப்புவாரா? ஐந்தாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். ‘பிட்’ என்ற பிரதமர் பெயரையும் அவர் ஏற்கவில்லை. கடற்படையில் பயின்றவரான அரசருக்கு, அந்தப் பெயரோடு மாலுமிகள் எந்தக் கெட்ட வார்த்தையை எதுகையாகச் சேர்ப்பார்கள் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தச் சர்ச்சிலின் பெயரிலேயே அமெரிக்க நாசகாரி ஒன்று 2001 முதல் இயங்குகிறது என்பதும், அதில் எப்போதும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி பணியில் இருக்கிறார் என்பதும் தனிக்கதை.

மேற்கு ஜெர்மனி 1960களில் மூன்று நாசகாரிகளுக்கு லூட்யன்ஸ், மோல்டர்ஸ், ரோமல் என்று ஹிட்லர் காலப் படைத்தலைவர்களின் பெயரைச் சூட்டியது. இவர்களை நாஜிகளாகப் பார்ப்பதா, தொழில்முறை வீரர்களாகப் பார்ப்பதா என்ற சண்டை கப்பல்களின் ஆயுள் முழுவதும் நீடித்தது. அதன் பிறகு வந்த பெரிய போர்க்கப்பல்களுக்கு ஜெர்மானியர்கள் மாநிலங்களையும் நகரங்களையும் தேர்ந்துகொண்டார்கள். ஜப்பான் தன் போர்க்கப்பல்களுக்கு மனிதர் பெயரை வைப்பதில்லை. மலை, காற்று, மழை, பழைய நாட்டுப்பிரிவுகள் என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

இந்தியக் கடற்படையில் தலைவர்களின் பெயரில் கப்பல்கள் ஏன் காணப்படுவதில்லை?

இந்தியக் கடற்படை நகரங்கள், ஆறுகள், மலைகள், ஆயுதங்கள், கடல்வாழ் உயிர்கள் ஆகியவற்றின் பெயர்களையே போர்க்கப்பல்களுக்கு வைத்து வந்திருக்கிறது. ‘சென்னை’ என்ற நாசகாரி 2016இல் சேர்ந்தது. வரலாற்று மனிதர்களின் பெயர்கள் கரையிலுள்ள தளங்களுக்குப் போகின்றன: லோனாவாலாவில் சிவாஜி, மும்பையில் ஆங்கிரேயும் குஞ்ஞாலியும், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கட்டபொம்மன். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம் அது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கடலில் போரிட்டவர் அல்லர். ஆனால் அவர் பெயரைத் தாங்கிய கோபுரங்களிலிருந்து புறப்படும் செய்தியே கடல்நீருக்கு அடியிலும் போகிறது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. கடலோரக் காவல் படை மட்டும் ராணி அப்பக்கா முதலான அரசிகளின் பெயரை ரோந்துக் கப்பல்களுக்கு வைத்திருக்கிறது.

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் ‘குக்ரி’ என்ற இந்தியப் போர்க்கப்பல் மூழ்கியபோது, தப்பிக்க வாய்ப்பிருந்தும் கப்பலோடு போன கேப்டன் மகேந்திரநாத் முல்லாவின் பெயரிலும் போர்க்கப்பல் கிடையாது. கப்பலின் பெயரான ‘குக்ரி’தான் 1989இல் புதிய கப்பலுக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், பரம்வீர் சக்கரம் பெற்ற தரைப்படை, விமானப்படை வீரர்களுக்குக் கப்பல்கள் கிடைத்திருக்கின்றன. இந்தியக் கப்பல் கழகம் 1980களில் தன் கச்சா எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆல்பர்ட் எக்கா, சைத்தான் சிங், அருண் கேத்தர்பால் என்று அவர்களின் பெயர்களை வைத்தது. கடலையே பார்த்திராத மலைச்சண்டை வீரர்கள் பலர் இவ்வாறு பல ஆண்டுகள் பாரசீக வளைகுடாவுக்கும் மும்பைக்கும் இடையே எண்ணெய் சுமந்தார்கள்.

பெயர் தாங்கிய கப்பல் வேறு நாட்டுக்குக் கைமாறினால் பெயர் என்னவாகும்?

வாங்கும் நாடு மாற்றிவிடும். சாமுவேல் ராபர்ட்ஸ் தன் படகைக் குண்டுகளுக்குக் குறுக்கே ஓட்டிய அதே நாளில், அதே குவாடல்கனால் கரையில், மரைன்களை மீட்கச் சென்ற படகுகளை வழிநடத்திய இன்னோர் இளைஞர் டக்ளஸ் மன்ரோ. அமெரிக்கக் கடலோரக் காவல் படையைச் சேர்ந்த அவர், கடைசிப் படகு கரையைவிட்டு விலகும் வரை தன் படகை நடுவில் நிறுத்தி மறைப்பாக நின்று சுடப்பட்டார். எல்லோரும் தப்பிவிட்டார்களா என்று கேட்டுவிட்டு இறந்தார் என்பார்கள். அந்தப் படையில் ‘மெடல் ஆஃப் ஹானர்’ பெற்ற ஒரே ஆள் அவர். அவர் பெயரில் ஐம்பது ஆண்டுகளாக ஓடிய ரோந்துக் கப்பலை 2021இல் அமெரிக்கா இலங்கைக்கு வழங்கியது. மன்ரோவின் பெயர் அதற்குள் 2017இல் புதிய கப்பலொன்றுக்கும் வந்திருந்தது. பழைய கப்பல் 2022இல் இலங்கைக் கடற்படையில் ‘விஜயபாகு’ என்ற பெயரோடு சேர்ந்தது. பதினோராம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து சோழர் ஆட்சியை அகற்றிய சிங்கள மன்னனின் பெயர் அது.